2007-இல் தோற்ற பிறகும் ரிச்சி மெக்காவையே கேப்டனாக வைத்தது ஏன்?

மைதான ஓரம்:

நான் ரக்பிக்குப் புதியவன். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன், தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11, அன்று இரவு தூக்கமே வரவில்லை, அப்புறம் பழைய ஆட்டங்களைத் தேடித் தேடி முழுசாகப் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தப் பேச்சை எடுத்தாலும் ஒரு பெயர் வந்து நிற்கிறது: ரிச்சி மெக்காவ். நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸுக்காக 148 டெஸ்ட் (ரக்பியில் டெஸ்ட் என்றால் நாட்டு அணிகள் மோதும் ஆட்டம்), அதில் 110 கேப்டனாக, மொத்தம் 131 வெற்றி, அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை. எண்களைப் பார்த்தால் வாயடைத்துப் போகிறது.

ஆனால் போன வாரம் 2007 காலிறுதியைப் பார்த்தேன். கார்டிஃப் மைதானம், எதிரே பிரான்ஸ், இடைவேளையில் 13-3 என்று முன்னால் இருந்த அணி கடைசியில் 18-20 என்று தோற்றது. கேப்டன் இதே மெக்காவ்தான். அந்தக் கடைசிப் பத்து நிமிடம் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பந்து இவர்கள் கையில்தான் இருக்கிறது, இரண்டே இரண்டு புள்ளிதான் குறைவு, ஒரு டிராப் கோல் (ஆட்டத்தின் நடுவில் பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) விழுந்தால் மூன்று புள்ளி கிடைக்கும். அதை விட்டுவிட்டு திரும்பத் திரும்ப பிரெஞ்சு ஆட்களின் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே "யாராவது பந்தைப் பின்னால் கொடுங்களேன்" என்று கத்தத் தோன்றியது.

என் கேள்வி இதுதான். நான் வளர்ந்தது கிரிக்கெட்டில், அங்கே உலகக் கோப்பையில் இப்படித் தோற்றால் முதலில் உருளுவது கேப்டன் தலை. இவரை ஏன் மாற்றவில்லை? இன்னொன்று, ரக்பியில் கேப்டனுக்கு அப்படி என்னதான் வேலை? ஃபீல்டு நிறுத்துவது கிடையாது, பௌலரை மாற்றுவது கிடையாது. அப்புறம் அவரை "ஏமாற்றுக்காரர்" என்று திட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள், அது உண்மையா, வயிற்றெரிச்சலா?

ஏழாம் நம்பர் சட்டை:

நல்ல ஆட்டத்தைப் பிடித்திருக்கிறீர்கள். மெக்காவைப் புரிந்துகொள்ள 2011-ஐயும் 2015-ஐயும் விட 2007-தான் முக்கியம் என்பது என் எண்ணம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நடந்தது என்னவென்றால், அன்று டான் கார்ட்டர் காயத்தில் வெளியேறினார், அவர் இடத்துக்கு வந்த நிக் எவன்ஸும் காயத்தில் வெளியேறினார். ஆக டிராப் கோல் போட வேண்டிய பத்தாம் நம்பர் ஆட்கள் இரண்டு பேருமே மைதானத்தில் இல்லை. பிரான்ஸின் ஜோசியோன் போட்ட ட்ரைக்கு (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது, ஐந்து புள்ளி) முன்னால் டிரேயிடமிருந்து மிஷலாக்குக்குப் போன பாஸ் முன்னோக்கிப் போனது, ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, நடுவர் வெய்ன் பார்ன்ஸ் அதைக் கவனிக்கவில்லை. நியூசிலாந்தில் அந்தப் பாஸைப் பற்றிப் பல வருடம் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். பிரான்ஸ் பக்கம் தியரி டுசத்துவார் என்ற ஃபிளாங்கர் (ஆறாம் அல்லது ஏழாம் நம்பர் ஆட்டக்காரர்) ஒருவரே அன்று 38 டாக்கிள், அதாவது பந்தோடு வருகிறவரைப் பிடித்து வீழ்த்துவது, செய்ததாகக் கணக்கு. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இதெல்லாம் காரணங்கள்தான், ஆனாலும் நீங்கள் பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். டிராப் கோலுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். சும்மா யாரோ ஒருவர் உதைத்துப் பார்ப்பதில் ஒன்றும் வராது. அன்று கடைசியில் லூக் மெக்அலிஸ்டர் வெகு தூரத்திலிருந்து ஒன்று முயன்றார், அது வேறு வழியில்லாமல் போட்டது. 2003 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தை இதோடு வைத்துப் பாருங்கள். கூடுதல் நேரம், 17-17, இங்கிலாந்து லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது) பந்தை எடுத்தது, பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் மேட் டாசன் இடைவெளி பார்த்து ஓடிப்போய் ரக்குக்கு (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் மோதும் குவியல்) அடியில் மாட்டிக்கொண்டார். வில்கின்சன் உதைக்க வேண்டுமென்றால் பந்தை அவருக்குக் கொடுக்க டாசன் எழுந்து வந்தாக வேண்டும். அந்த நேரத்தை வாங்கிக் கொடுக்க கேப்டன் மார்ட்டின் ஜான்சன் பந்தைத் தானே வாங்கி எதிராளிகள் மேல் இன்னொரு தடவை மோதினார். அந்தச் சில விநாடியில் டாசன் எழுந்து வந்துவிட்டார், பாஸ் போனது, வில்கின்சன் வலக்காலால் உதைத்தார், கோப்பை இங்கிலாந்துக்கு. கேப்டனுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அதில் ஒன்று இதுதான். எண்பது நிமிடம் ஓடி, மூச்சு வாங்கி, தலை சுற்றுகிற நேரத்தில் அடுத்த இரண்டு நகர்வை யோசிக்க முடிய வேண்டும்.

மெக்காவுக்கு 2007-இல் அது வரவில்லை. 26 வயது. முழுநேர கேப்டனாகி ஒன்றரை வருடம்.

ஏன் மாற்றவில்லை? அதற்கு முன்னால் நியூசிலாந்தில் பழக்கம் என்ன தெரியுமா, 1999-இல் தோற்றார்கள், பயிற்சியாளர் ஜான் ஹார்ட் போனார். 2003-இல் தோற்றார்கள், ஜான் மிட்செல் போனார். புதிதாக வருகிறவர் பழையதை எல்லாம் கலைத்துப் போட்டு முதலிலிருந்து தொடங்குவார், நான்கு வருடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு புதியவர் தடுமாறுவார். 2007-க்குப் பிறகு வெளியாட்களை வைத்து ஆய்வு செய்தார்கள், ராபி டீன்ஸ் வரட்டும் என்று நாட்டில் பெரிய குரல் எழுந்தது, அதையும் மீறி கிரஹாம் ஹென்றியையே திரும்ப நியமித்தார்கள். ஹென்றி மெக்காவையே வைத்துக்கொண்டார். அடி வாங்கிய வலி யாருக்குத் தெரியுமோ அவர்களிடமே பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தது அந்த நாட்டு ரக்பியில் பெரிய மாற்றம். டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அழுத்தம் வந்தால் மூளை எப்படி உறைந்து போகிறது என்பதையே ஒரு பாடமாக எடுத்துப் படித்தார்கள். மனப்பயிற்சியாளர் கில்பர்ட் எனோக்கா ஏற்கெனவே அணியோடு இருந்தார், கெரி எவன்ஸ் என்ற மனநல மருத்துவரும் சேர்ந்தார். "சிவப்புத் தலை, நீலத் தலை" என்று ஒரு பேச்சு அணிக்குள் வந்தது. பதறி, ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு முட்டுகிற நிலை சிவப்பு. சுற்றிலும் பார்த்து, அடுத்தது என்ன என்று கேட்கிற நிலை நீலம். சிவப்பிலிருந்து நீலத்துக்கு வர ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். பிராட் தோர்ன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். கீரன் ரீட் மைதானத்தின் தொலைதூர மூலையை ஒரு நொடி பார்ப்பார். மெக்காவ் மெதுவாக மூச்சை விட்டு, காலைத் தரையில் ஊன்றி மிதிப்பார். அடுத்த தடவை பழைய ஆட்டம் பார்க்கும்போது, விசில் ஊதியதும் கேமரா அவர் மேல் போனால், காலைப் பாருங்கள்.

வலதுபுறத் தூண்:

ஏமாற்றுக்காரர் விஷயத்துக்கு நான் வருகிறேன். கிளப் அளவில் ஒன்பது வருடம் ஃபிளாங்கர் ஆடியவன், ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் இரண்டும் போட்டிருக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

மெக்காவ் போட்டது ஏழாம் நம்பர், அதாவது ஓப்பன்சைடு ஃபிளாங்கர், அவனுடைய வேலை பந்தைத் திருடுவது. எதிராளி ஒருவன் டாக்கிளில் விழுகிறான். விழுந்தவன் பந்தை விட வேண்டும், டாக்கிள் செய்தவனும் அவனை விட்டுவிட்டு எழ வேண்டும். அவனுடைய கூட்டாளிகள் ஓடி வந்து பந்துக்கு மேல் நின்று ரக் அமைப்பதற்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் நீங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும், பின்பக்கமிருந்து நேராக உள்ளே வந்திருக்க வேண்டும், இடுப்பை மடித்து, கையைத் தரையில் ஊன்றாமல், விழுந்தவன் மேலும் சாயாமல் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த அதே நொடியில் நூறு நூற்றுப்பத்து கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்த வேகத்தில் உங்கள் தலையிலும் தோளிலும் மோதுவார்கள். கழுத்து அப்படியே உள்ளே போகிற மாதிரி இருக்கும். அந்த அடியைத் தாங்கிக்கொண்டு பந்தை விடாமல் இருந்தால் ஒன்று பந்து உங்களுடையது, இல்லையென்றால் விழுந்தவன் பந்தை விடவில்லை என்று பெனால்டி உங்களுடையது.

இதை மெக்காவ் ஒரு ஆட்டத்தில் பல தடவை செய்வார், அதுவும் 14 வருடம். 2004-இல் தலையில் அடுத்தடுத்து அடிபட்டு, இனி இவர் ஆடுவாரா என்றுகூடப் பேச்சு வந்தது.

இப்போது விஷயம். டாக்கிள் நடந்து ரக் அமைவதற்குள் இருக்கும் அந்த இடைவெளியில் விதிகள் நிறைய, எல்லாமே நடுவர் கண்ணில் அந்த நொடி எப்படிப் படுகிறது என்பதைப் பொறுத்தது. "ரக்" என்று நடுவர் கூவிய பிறகு பந்தில் புதிதாகக் கை வைக்கக் கூடாது. மெக்காவ் முதல் பத்து நிமிடத்தில் அன்றைய நடுவர் எவ்வளவு விடுவார் என்று சோதித்துப் பார்ப்பார். ஒரு பெனால்டி போனால் ஒரு அடி பின்வாங்கிக்கொள்வார். விதிகளில் மாற்றம் வந்தால் அடுத்த சீசனில் ஆட்டமும் மாறியிருக்கும். ஆமாம், பக்கவாட்டிலிருந்து உள்ளே வந்திருக்கிறார், ஆஃப்சைடில் நின்றிருக்கிறார், பந்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தியிருக்கிறார், நடுவர் பார்க்காமல் போனதும் உண்டு. ஜார்ஜ் ஸ்மித் செய்யாததா? டேவிட் போக்காக் செய்யாததா? ஏழாம் நம்பர் போட்டவர்கள் எல்லாரும் விதியின் விளிம்பில்தான் நின்றார்கள், இவர் அங்கே மற்றவர்களைவிட நன்றாகச் சமநிலை காத்தார், அவ்வளவுதான்.

அசிங்கமான தருணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். 2015 உலகக் கோப்பையில் வெம்ப்ளியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஃபெர்னாண்டஸ் லோபேவைக் காலை நீட்டித் தடுக்கி விட்டார், மஞ்சள் அட்டை. முப்பதைத் தாண்டிய, நூறு டெஸ்ட் தாண்டிய கேப்டன் செய்கிற காரியமா அது? எனக்கு அன்று கோபம்தான் வந்தது. ஆட்டம் முடிந்ததும் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டார், சப்பைக்கட்டு கட்டவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேப்டன் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம் என்பது ரக்பி வழக்கம். இவர் வேலையோ ரக்குக்குள்ளே, நடுவரின் கண் முதலில் போகும் இடம் அதே ரக். ஒரே ஆள் பெனால்டி வாங்குகிறவராகவும் அதைப் பற்றி நடுவரிடம் மரியாதையாகப் போய்க் கேட்கிறவராகவும் இருக்க வேண்டும். குரலை உயர்த்தாமல் "அடுத்த தடவை எதைப் பார்க்கிறீர்கள்" என்கிற தொனியிலேயே பேசுவார்.

செம்மறி மேடு:

மேலே இரண்டு பேரும் எழுதியதை ரசித்துப் படித்தேன், ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ஆல் பிளாக்ஸ் கேப்டனாக இருந்து ஜெயிப்பது எவ்வளவு பெரிய விஷயம்? டான் கார்ட்டர், மா நோனு, கான்ராட் ஸ்மித், கீரன் ரீட், பிராட் தோர்ன், சாம் வைட்லாக், இவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டால் யார் கேப்டனாக இருந்தாலும் பாதி வேலை முடிந்துவிடும். தொப்பி எண்ணிக்கை, அதாவது ஆடிய டெஸ்ட் எண்ணிக்கை, எல்லாம் உடையக்கூடியது, உலக சாதனையை 2020-இலேயே அலன் வின் ஜோன்ஸ் தாண்டிவிட்டார், நியூசிலாந்து சாதனையை வைட்லாக் 2023-இல் தாண்டினார்.

கேப்டன் என்றால் எனக்கு சியா கோலிசிதான். ஸ்விடே என்ற கறுப்பர் குடியிருப்பில் பசியோடு வளர்ந்த பையன், ரக்பி உதவித்தொகையில் கிரே பள்ளிக்குப் போனவர், 2018-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன். முதல் ஆட்டத்திலேயே எல்லிஸ் பார்க்கில் இங்கிலாந்து 24-3 என்று முன்னால் போய்விட்டது, அங்கிருந்து திரும்பி வந்து 42-39. அடுத்த வருடம் யோகோஹாமாவில் உலகக் கோப்பை இறுதி 32-12, அதற்கடுத்த உலகக் கோப்பை இறுதி பாரிஸில் 12-11. 1995-இல் அப்போதைய கேப்டன் பீனாருக்குக் கோப்பையைக் கொடுத்தபோது மண்டேலா போட்டிருந்ததும் ஆறாம் நம்பர் சட்டை, கோலிசி போடுவதும் அதே ஆறு. அந்தச் சட்டையின் கனம் மெக்காவ் போட்ட சட்டைக்கு உண்டா? ஒரு நாட்டுக்கே அர்த்தம் கொடுத்த கேப்டன் வேறு, நன்றாக ஜெயித்த கேப்டன் வேறு.

ஏழாம் நம்பர் சட்டை:

கோலிசி பற்றி நீங்கள் சொன்ன ஒரு வரியையும் மறுக்க மாட்டேன், எனக்கும் கண் கலங்கிய ஆட்கள் வரிசையில் அவர் இருக்கிறார். அந்தச் சட்டையின் கனம் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "யார் கேப்டனாக இருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்பதை ஏற்க முடியாது. 2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மெக்காவுக்குக் கணுக்காலில் அடி, ட்ரை நேஷன்ஸ் என்ற முத்தரப்புத் தொடரில் சில ஆட்டம் இல்லை. டுனேடினில் தென்னாப்பிரிக்காவிடம் 28-30 தோல்வி, சிட்னியில் ஆஸ்திரேலியாவிடம் 19-34 தோல்வி. அவர் திரும்பி வந்தார், அதே ஆஸ்திரேலியாவை ஈடன் பார்க்கில் 39-10. மற்ற ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும், 2009-இல் அவர் ஆடிய அணியே தென்னாப்பிரிக்காவிடம் மூன்று ஆட்டமும் தோற்றது. 2007-க்கும் 2011-க்கும் நடுவில் வழி சீராக இருக்கவில்லை.

அப்புறம், நீங்கள் சொன்ன அந்த நட்சத்திரப் பட்டியலின் முதல் பெயரே 2011 இறுதிப் போட்டியில் இல்லை, பத்தாம் நம்பர் இடம் சிதறிப் போயிருந்தது. கார்ட்டர் லீக் சுற்றிலேயே தொடை இடுக்கில் காயம்பட்டு வெளியே. அவருக்குப் பதில் வந்த காலின் ஸ்லேடும் காயம். மூன்றாவது ஆள் ஆரன் க்ரூடன் இறுதிப் போட்டியின் முதல் பாதியிலேயே முட்டி பிசகி வெளியே போனார். நான்காவது ஆள் ஸ்டீபன் டொனால்டு, அணியிலேயே இல்லாதவர், கூப்பிட்டபோது ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், போட்டிருந்த சட்டை அவருக்குச் சிறியதாக இருந்தது. பிரான்ஸுக்கு எதிராக அவர் உதைத்த பெனால்டிதான் வித்தியாசம். 8-7.

மழைமேகம்:

2011 பேச்சு வந்துவிட்டதால் கால் விஷயத்தை யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், நானே எழுதிவிடுகிறேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் வலது பாதத்தில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் விரிசல். திருகாணி வைத்துப் பிடித்தார்கள். அதே பிப்ரவரி 22-இல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கம், 185 பேர் இறந்தார்கள். மெக்காவ் கேப்டனாக இருந்த, அந்த ஊரின் க்ரூசேடர்ஸ் அணியின் சொந்த மைதானம் ஆடவே முடியாதபடி சேதமானது, உலகக் கோப்பையில் அங்கே நடக்க வேண்டிய ஆட்டங்களை வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். வருடம் முழுக்க வீடில்லாத அணியாகச் சுற்றிக்கொண்டே ஆடி சூப்பர் ரக்பி தொடரின் இறுதிவரை போனார்கள்.

உலகக் கோப்பையின் நடுவில் அந்தப் பாதம் திரும்ப வலிக்க ஆரம்பித்தது. செப்டம்பர் 24, பிரான்ஸுக்கு எதிராக ஈடன் பார்க்கில் அவருடைய நூறாவது டெஸ்ட், அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆல் பிளாக் அவர்தான். அன்று வெள்ளித் தொப்பியைக் கையில் கொடுத்தவர் முன்னாள் கேப்டன் ஜாக் ஹாப்ஸ், கடுமையான நோயில் இருந்தார், அடுத்த மார்ச்சில் இறந்துபோனார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மெக்காவ் பயிற்சியைக் குறைத்துவிட்டார். ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்றார். எடுத்தால் முடிவு தெரிந்துவிடும், தெரிந்தால் மருத்துவர் ஆடவிட மாட்டார். காலிறுதி, அரையிறுதி, இறுதி, மூன்றையும் எலும்பு உடைந்த காலில் ஆடினார். வெளியே முழுசாகத் தெரிய வந்தது கோப்பை கையில் வந்த பிறகுதான். இது சரியா, ஒரு கேப்டன் உடம்பை இப்படிப் பணயம் வைக்கலாமா என்று கேட்டால் எனக்கே இரண்டு மனம்தான். இன்றைய இளம் ஆட்டக்காரர்களுக்கு இதை முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன்.

அந்த இறுதிப் போட்டியில் பிரான்ஸின் கேப்டன் யார் தெரியுமா, மேலே சொன்ன அதே டுசத்துவார். 2007-இல் ட்ரை போட்டவர், 2011 இறுதியிலும் ட்ரை போட்டார், 8-7 ஆனது. அதற்கு மேல் முப்பது நிமிடத்துக்கும் அதிகமாக நியூசிலாந்து ஒரே ஒரு புள்ளியைக் காத்துக்கொண்டு நின்றது. பிரான்ஸின் திரான் டுக் 64-ஆவது நிமிடத்தில் உதைத்த பெனால்டி தவறியது. 2007-இல் நீங்கள் பார்த்த அதே பதற்றம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஒவ்வொரு விசிலுக்கும் மெக்காவ் ஆட்களைக் கூட்டி, நாலு வார்த்தை பேசி, கலைத்துவிட்டார். கடைசி நிமிடங்களில் ஃபார்வர்டுகள், அதாவது முன்னால் மோதுகிற கனமான ஆட்கள், பந்தை எடுத்து ஒரு அடி போய் விழுந்து, எடுத்து விழுந்து, நேரத்தைத் தின்றார்கள், கடைசியில் ஆண்டி எல்லிஸ் பந்தை வெளியே உதைத்தார். 1987-இல் டேவிட் கர்க் தூக்கிய பிறகு 24 வருடம் கழித்து கோப்பை திரும்ப வந்தது. மெக்காவ் முகத்தில் அப்போது சிரிப்பைவிடக் களைப்புதான் அதிகம்.

மைதான ஓரம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று இரவு 2011 இறுதியைத் திரும்பப் போட்டு, பந்தை விட்டுவிட்டு மெக்காவை மட்டும் பார்த்தேன். வலதுபுறத் தூண் அண்ணா சொன்ன அந்த ஒன்றரை விநாடி இப்போதுதான் கண்ணில் படுகிறது, முன்னால் எனக்கு அது வெறும் ஆள் குவியல். ஆனால் இன்னொரு சந்தேகம். 2011-இல் அவர்கள் முன்னிலையைக் காத்தார்கள், அது வேறு. 2007 மாதிரி பின்தங்கியிருந்து, நேரம் முடிகிற நிலைமை திரும்ப வந்ததா? அப்போது என்ன செய்தார்கள்?

ஏழாம் நம்பர் சட்டை:

வந்தது. 2013 நவம்பர் 24, டப்ளின். அந்த வருடம் ஆடிய 13 டெஸ்டையும் ஜெயித்துவிட்டு கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். அயர்லாந்து 19-0 என்று ஆரம்பித்தது, இடைவேளையில் 22-7. அயர்லாந்து அதுவரை ஆல் பிளாக்ஸை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை, மைதானமே கொதித்துக்கொண்டிருந்தது. 22-17 ஆனபோது அயர்லாந்தின் செக்ஸ்டனுக்கு ஒரு பெனால்டி வாய்ப்பு, போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், வெளியே போனது.

அரை நிமிடம்தான் மிச்சம், நியூசிலாந்துக்குத் தன் பாதியில் ஒரு பெனால்டி. ஐந்து புள்ளி குறைவு, டிராப் கோல் உதவாது, ட்ரைதான் வேண்டும். யாரும் பதறவில்லை. பந்தை எடுத்து ஆட ஆரம்பித்தார்கள், நேரம் முடிந்து மணி அடித்தாயிற்று, ஒரு கை தவறினால் ஆட்டம் போயிற்று என்ற நிலை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரக், பாஸ், ரக், பாஸ். யாரும் வீரம் காட்ட அவசரப்படவில்லை, அடுத்த ஆளிடம் கொடுப்பதை மட்டும் செய்தார்கள். கடைசியில் மூலையில் ரயன் க்ராட்டி ட்ரை போட்டார், 22-22. க்ரூடன் உதைத்த கன்வர்ஷன் (ட்ரைக்குப் பிறகு இரண்டு புள்ளிக்காக உதைப்பது) தவறியது, ஆனால் அயர்லாந்து ஆட்கள் முன்கூட்டியே ஓடி வந்ததால் திரும்ப உதைக்கச் சொன்னார்கள், இரண்டாவது போய் விழுந்தது. 24-22. தொழில்முறை ரக்பி வந்த பிறகு ஒரு வருடம் முழுக்க ஆடிய எல்லா டெஸ்டையும் ஜெயித்த முதல் அணி அதுதான். 2007-இன் கடைசிப் பத்து நிமிடத்தையும் இந்தக் கடைசி இரண்டு நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், உங்கள் முதல் கேள்விக்கு என்னைவிட நன்றாக அது பதில் சொல்லும்.

டிராப் கோல் கேட்டீர்கள் இல்லையா, அதுவும் வந்தது. 2015 அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 20-18 என்று ஜெயித்ததில் கார்ட்டரின் டிராப் கோல் ஒன்று இருந்தது. ட்விக்கன்ஹாம் இறுதியில் 21-3 ஆக இருந்தது 21-17 ஆகிவிட்டது, ஆஸ்திரேலியா மூச்சு விட ஆரம்பித்த நேரம், கார்ட்டர் தூரத்திலிருந்து இன்னொன்று உதைத்தார், 24-17, அங்கேயே காற்று திசை மாறியது, முடிவு 34-17.

வலதுபுறத் தூண்:

ஒரு சின்ன விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மெக்காவ் நியூசிலாந்தின் ஹக்கடரமெயா பள்ளத்தாக்கில் பண்ணை வீட்டுப் பையன். பள்ளி வயதில் தாய்மாமன் ஒரு உணவகத்தில் உட்காரவைத்து, என்னவாக ஆசை என்று கேட்டு, காகித நாப்கினில் எழுத வைத்தார். எந்த வருடம் எந்த அணி, எப்போது ஆல் பிளாக் என்று படிப்படியாக எழுதினார்கள். சும்மா ஆல் பிளாக் போதாது, மகத்தான ஆல் பிளாக் என்று எழுது என்றார் மாமன். முழுசாக எழுதப் பையனுக்குக் கூச்சம், ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சுருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டில் ஆல் பிளாக் ஆக 2004 என்று போட்டிருந்தது, 2001-லேயே ஆகிவிட்டார். டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட், ஆட்ட நாயகன். அவரை எடுத்ததே அவசரம் என்று முன்னாள் ஆட்டக்காரர்களே திட்டிக்கொண்டிருந்த நேரம்.

மழைமேகம்:

ஓய்வு அறிவித்த நாளையும் சொல்லிவிடலாம். 2015 நவம்பர் 19. முந்தின நாள் முன்னாள் ஆல் பிளாக் ஜோனா லோமு இறந்திருந்தார். மெக்காவ் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்ததும் முதலில் லோமுவைப் பற்றித்தான் பேசினார், அப்புறம்தான் தன் விஷயத்துக்கு வந்தார். சர் பட்டத்தை வேண்டாம் என்றவர், ஆர்டர் ஆஃப் நியூசிலாந்து என்ற நாட்டின் உயரிய விருதைக் கொடுத்தார்கள், அதன் வழக்கமான உறுப்பினர்களாக ஒரே நேரத்தில் உயிரோடு 20 பேர்தான் இருக்கலாம். பிறகு ஹெலிகாப்டர் ஓட்டப் போய்விட்டார், 2016 கைகோரா நிலநடுக்கத்தின்போது உதவிக்குப் பறந்தவர்களில் இவரும் ஒருவர். தாத்தா இரண்டாம் உலகப் போரில் விமானி, ஜெர்மனியின் பறக்கும் குண்டுகளைச் சுட்டு வீழ்த்தியவர், அந்த ரத்தம்.

செம்மறி மேடு:

சரி, 2008 கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, அதை விட்டுக்கொடுக்கிறேன். கோலிசி பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. மைதான ஓரம், நீங்கள் அடுத்து 2015 காலிறுதியைப் பாருங்கள். அதே கார்டிஃப், அதே மைதானம், அதே பிரான்ஸ், எட்டு வருடம் கழித்து அதே கேப்டன். 62-13.